குளிரில் இறங்காத கியர் ஒயில்

பிள்ளைகளே, மலைக்குளிர் மிகுந்த புசல்லாவையில் நம் மரக்கறித் தோட்டத்துச் சின்ன டிராக்டரின் கியர் ஒருமுறை இறுகிவிட்டது. மழைக்கு முன் போஞ்சி விதை போட்டாக வேண்டும். பழைய ஒயிலை மாற்றலாமென்று விடியற்காலையில் கியர் பெட்டியின் அடி நட்டைக் கழற்றினேன். கொஞ்சம்தான் கசிந்தது.

"இவ்வளவுதான் இருக்குபோல," என்றேன்.

உங்கள் அம்மா சிரித்தார். "தேங்காயெண்ணெய் போத்தல வெயில்ல வச்சுத்தானேங்க தலைக்கு ஊத்துறீங்க? இதுக்கு மட்டும் குளிராதா?"

நட்டைத் திரும்ப மாட்டி, ஒயில் சூடேறி இளகட்டுமென்று முதல் கியரிலேயே முற்றத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். பிறகு திறந்தபோது ஒயில் கறுப்பாகக் கொட்டியது. கொஞ்சம் புது ஒயில் ஊற்றி ஓட்டி, கசடோடு அதையும் வடித்தேன். கடைசியாக நிரப்பிய ஒயிலில் கியர் சுலபமாக விழுந்தது. பின்னேரமே மண்ணைக் கிளறினேன். அம்மா விதையோடு பின்னால் வந்தார்.