மாமா எழுப்பிய சுவர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் தாய்மாமன் ஒரு பொய் சொன்னார்.
2. அந்தப் பொய்யை உண்மையாக்க, சீனர் ஒருவரின் சூளைக்குப் போய்ச் சக்கரத்தில் மண் வனையக் கற்றார்.
3. அவர் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடாமல் இருக்க அம்மா என்னைக் கூடவே அனுப்பினார்.
4. பெண் பார்க்கப் போன வீட்டில் அவரைச் சக்கரத்தின் முன் உட்காரவைத்தார்கள்.
5. மண் அவர் சொன்னபடி கேட்டது. வினையே அதுதான்.
6. நான் வாயைத் திறந்தேன்.

அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாமுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மாமா எங்களோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தார். தோட்டத்து ஸ்டோரில் அவருக்கு வேலை. பால்வெட்டுக்கு வேண்டிய கத்தி, வாளி, மங்கு எல்லாம் அவர் பொறுப்பு. மங்கு என்பது மரத்தில் கம்பி வளையத்தில் உட்காரவைத்துப் பால் பிடிக்கும் சின்ன மண் கோப்பை. அவை உடைந்துகொண்டே இருக்கும். மாமா சூளைக்குப் போய்ப் புதியவற்றை ஏற்றிவந்துகொண்டே இருப்பார்.

காஹாங் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் மாமா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தன் அப்பாவோடு பானை விற்றுக்கொண்டிருந்தாள். மாமா விவரம் தெரிந்தவர்போல ஒரு பானையை எடுத்து விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்றைத் தட்டினார். பிறகு இன்னொன்றை.

"வாங்குறதா இருந்தா வாங்குங்க. பூட்டுன வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி தட்டாதீங்க" என்றாளாம் அவள்.

மாமா மூன்று பானைகளோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் எல்லாமே அலுமினியம். அம்மா பானைகளையும் பார்த்தார், தம்பியின் முகத்தையும் பார்த்தார். மறுவாரமே ஆள் விட்டு விசாரித்தார்.

எங்கள் ஆட்கள்தான். ஊரில் அவர்களும் மண்பாண்டம் செய்தவர்கள், நாங்களும் அப்படியே. ஆனால் எங்கள் குடும்பத்தில் கப்பலேறிய பிறகு யாரும் சக்கரத்தைத் தொட்டதில்லை. பெண்ணின் அப்பாவோ லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு வனைந்துகொண்டிருந்தார். பொங்கல் பானை, கல்யாணப் பானை, அகல் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு ஆளால் சமாளிக்க முடியவில்லை. அதனால் சக்கரம் தெரிந்த கைக்குத்தான் பெண் என்று சொல்லி அனுப்பினார்.

"தெரியும்னு சொல்லிடுங்க" என்றார் மாமா, அம்மா காதில் விழாமல். தூது வந்தவர் சந்தேகமாகப் பார்த்தார். "சின்ன வயசுலயே பழக்கம்" என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஞாயிறுதோறும் என் கையைப் பிடித்துக்கொண்டு சூளைக்குப் போனார்.

சூளைக்காரர் மாமாவைவிட இளையவர். எந்நேரமும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருப்பார். அவருடைய சக்கரத்துக்குக் கீழே மிதிகட்டை உண்டு. காலால் உதைக்க உதைக்கச் சக்கரம் சுற்றும். மாமா கற்க வேண்டும் என்றதும் அவர் ஏன் என்று கேட்டார். மாமாவின் மலாயில் பெண், அப்பா, பொய், பானை எல்லாம் கலந்து வந்தன. அவர் எதைப் புரிந்துகொண்டாரோ, சிரித்துவிட்டு ஒரு மண் உருண்டையைக் கொடுத்தார்.

அதிலிருந்து அவர் பேசியது ஒரே சொல்தான்: "லாகி." மறுபடியும் செய் என்று பொருள். மாமாவின் உருண்டை சக்கரத்தின் நடுவில் நிற்காமல் தள்ளாடும். லாகி. நின்றால், கட்டைவிரல் அடிவரை போய்த் துளைத்துவிடும். லாகி. கோப்பையின் சுவர் எழும்பினால் ஒரு பக்கம் ரொட்டிபோலத் தடித்தும் மறுபக்கம் இலைபோல மெலிந்தும் வந்து, மெல்லத் தலைகுனிந்து மாமாவின் மடியில் படுத்துக்கொள்ளும். லாகி.

காயவைத்த மங்குகளை நான் தொடாமல் இருக்க எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. சுவர் எழுப்புவதில் பலம் ஒன்றுமே இல்லை என்பது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். உள்விரலும் வெளிவிரலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கை மேலே போகும் வேகம் சக்கரத்தின் வேகத்தை மிஞ்சக் கூடாது. இன்று ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும்போதும் நான் இதே மாதிரிதான் வேலை செய்கிறேன். அவசரப்படுகிறவர்கள் வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

மாமாவுடையதற்கு முன்பே என் சுவர் நின்றது.

"ஒனக்குக் கை சின்னது. அதான்" என்றார் மாமா.

மாலையில் முழங்கைவரை சேறோடு வீடு திரும்புவோம். அம்மா மாமாவை வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வார். கள் வாடை வராது. வராததால் அம்மாவின் கவலை அதிகமாகும். "அப்ப என்னதான்டா பண்ற?" என்பார். மாமா என்னைப் பார்ப்பார். சொன்னால் கச்சான் கிடையாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

கடைசியில் ஒரு ஞாயிறன்று மாமாவின் சுவரும் நின்றது. சூளைக்காரர் நூலால் அதை நெடுக்கே இரண்டாக அறுத்து உள்ளே காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரே கனம். "போலே" என்றார். முடியும் என்று அவர் சொன்னது அன்றுதான். மாமா இரண்டு பாதிகளையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அந்தச் சூளையில் மங்குகளைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. இதைப் பற்றி மாமா யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பானை என்பது பெரிய மங்கு என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

பெண் பார்க்க அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கோப்பி வந்தது. பெண் வந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். பெண்ணின் அப்பா தன் கோப்பியைக் குடித்து முடித்து, "வாங்க தம்பி, ஒரு சொவரு எழுப்புங்க, பாப்போம்" என்று கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

அங்கே இருந்த சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. மாமா முன்னால் குந்தி உட்கார்ந்து, வலது காலை நீட்டி மிதிகட்டையைத் தேடினார். கட்டை அகப்படவில்லை. கோழி கிளறுவதுபோல் கால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது. பெண்ணின் அப்பா அந்தக் காலையே பார்த்தார். பிறகு ஒரு கோலை எடுத்துச் சக்கரத்து விளிம்புக் குழியில் ஊன்றி, வேகமாகச் சுழற்றிவிட்டார்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: மாமா அருமையாகச் செய்தார். இவ்வளவு பெரிய உருண்டையை அவர் தொட்டதே இல்லை. அது நடுவில் நின்றது. கட்டைவிரலை இறக்கி அடியைத் தட்டையாக, கெட்டியாகப் பரப்பினார். சுவர் எழும்பியது. ஒரு தள்ளாட்டம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளிம்பை வெளியே விரித்தார். பிறகு, பழகிய கை அல்லவா, விளிம்புக்குக் கீழே விரலை வைத்துச் சுற்றிலும் ஒரு பள்ளம் இழுத்தார். கம்பி வளையத்தில் உட்காருவதற்கான பள்ளம்.

சக்கரம் நின்றது. பெண்ணின் அப்பா அதை ஒருமுறை சுற்றிவந்தார்.

"தம்பி, இத எந்த மரத்துல கட்டறது? இவ்ளோ பாலு ஊத்துற மரம் எங்க தோட்டத்துல இல்லியே."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, பாதியில் நின்றது.

எங்கள் பானைகளுக்குச் சக்கரத்தில் அடி வைப்பதே இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சுவரை மட்டும் எழுப்பி எடுத்து, சற்று இறுகியதும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருண்டையாக்குவார்கள். அந்த வீட்டில் தட்டுவது பெண்ணின் வேலை. சின்ன வயதிலிருந்தே பழகியவன் என்று சொல்லிக்கொண்டவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நாங்க வர்றோம்ணே." மாமா சக்கரத்தைவிட்டு எழவில்லை. அவர் அழுதுவிடுவார்போல எனக்குத் தோன்றியது. அதனால்தான் பேசினேன்.

"மாமாவுக்கு நல்லா வரும்! ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சீனர் சூளைக்குப் போய் நாங்க ரெண்டு பேரும் கத்துக்கிட்டோம்! மொதல்ல எல்லாம் மடியிலதான் விழுந்துச்சு!"

அம்மா திரும்பினார். "அப்ப கள்ளுக்கடைக்குப் போகலியா?" என்றார். அந்த இடத்துக்குப் பொருந்தாத மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

"தம்பி, சின்ன வயசுலேர்ந்து பழக்கம்னு சொல்லிவிட்டீங்களே?" என்றார் பெண்ணின் அப்பா.

"பொய்ங்க" என்றார் மாமா. "பானையத் தட்டிப் பாக்கக்கூட எனக்குத் தெரியாதுங்க. உள்ள இருக்கவங்களுக்கே தெரியும்."

அப்போது அந்தப் பெண் கையில் நூலோடு வெளியே வந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. குனிந்து நூலை இழுத்து அந்தப் பெரிய மங்குக் கோப்பையைச் சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நிழலில் பலகைமேல் வைத்தாள்.

"அப்பா, சொவரு நல்லாத்தான் இருக்கு. அடிதான் தட்டையா இருக்கு. எறுகட்டும். நாளைக்கு நான் தட்டி உருட்டிக்கிறேன்."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அது முடியாது" என்றேன். "அடி ரொம்பத் தடிப்பா இருக்கு. சொவரு ஒல்லி. தட்டுனா சேர்ற எடத்துல விட்டுடும். பெசஞ்சு மறுபடியும் மண்ணாக்கிடலாம்."

"எனக்குத் தட்டத் தெரியும்" என்றாள் அவள்.

"தெரிஞ்சாலும் விட்டுடும்!"

பெண்ணின் அப்பா மகளை வெகுநேரம் பார்த்தார். அவள் பலகைமேல் இருந்ததை ஈரத்துணியால் மூடிக்கொண்டிருந்தாள், மெதுவாக, நாலு மூலையையும் இழுத்துவிட்டு. அவர் அம்மா பக்கம் திரும்பி, "ஒக்காரும்மா. கோப்பி ஆறிப்போச்சு, வேற போடச் சொல்றேன்" என்றார்.

அம்மா உட்கார்ந்தார். மாமா எழுந்து கைகழுவத் தண்ணீர் கேட்டார். பெரியவர்கள் தேதி, மாதம் என்று என்னென்னவோ பேச ஆரம்பித்தார்கள். ஒரு உருப்படாத பாண்டத்தைப் பற்றி நான் சரியாகச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் மாமாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். தடித்த இடம் மெதுவாகக் காயும், மெலிந்த இடம் வேகமாகக் காயும், இடையில் பிளக்கும். அவர் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விளங்காமல் சிரிக்கிறார் என்று நினைத்து இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கினேன்.

அது மறுநாளே பிளந்துவிட்டது. இதை அத்தைதான் பல வருடங்கள் கழித்து என்னிடம் சொன்னார். தட்டுவதற்குப் பலகையைக்கூட எடுக்கவில்லையாம். "நீ சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்டி" என்றார்.

மாமாவும் அத்தையும் காஹாங் பக்கம்தான் இருக்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அத்தையின் அப்பா வனைகிறார், அத்தை தட்டுகிறார், மாமா மண் மிதித்துக் கொடுக்கிறார். மாமாவைச் சக்கரத்தின் முன் உட்கார இன்னும் விடவில்லை.