அடிக்க மாட்டார்கள் என்று சொன்ன இடம்

மாமா மோட்டாரைப் போடுவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்ப்பார். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. அப்புறம்தான் சுவிட்ச். இருபத்திரண்டு வருஷமாகக் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆப்பரேட்டர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவில் அவருக்குத் தண்ணிக்காரர் என்றே பெயர்.

சண்டை தொடங்கிய அன்று ரேடியோ, "இது வரையறுக்கப்பட்ட போர்" என்றது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர் நிலையம் இவற்றை இரு தரப்பும் தொடாதாம். சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எல்லைக் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள், எங்கள் வீடு அதற்கு எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு விழுந்தது. அம்மா துணிமூட்டையோடு என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு மாமாவின் பம்ப் ஹவுஸுக்கு ஓடினாள். பின்னால் தெருவே வந்தது.

மாமா கேட்டை உள்பக்கமாகப் பூட்டியிருந்தார்.

"இங்க யாரும் தங்கக் கூடாதுக்கா. வீட்டுக்குப் போங்க."

"டேய், இங்க அடிக்க மாட்டோம்னு ரேடியோலயே சொல்லிட்டாங்கடா!"

"சொல்லுவாங்க."

"உன் மோட்டாரை நாங்க என்ன கடிச்சா தின்னுடப் போறோம்?"

"ரூல்ஸ்க்கா."

"விடும்மா," என்றார் தையற்காரர். "நாம எல்லாரும் போனப்புறம் மொத்தத் தண்ணியிலயும் அவரே குளிக்கட்டும்." நாலு பேர் சிரித்தார்கள்.

தங்கை கம்பிக்குள் கையை விட்டு, "நான் மட்டும், மாமா?" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். மோட்டார் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தோம். ஒவ்வொரு சத்தத்துக்கும் தங்கை என் சட்டைப் பொத்தானைத் திருகினாள். இரண்டு பொத்தான் கையோடு வந்துவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடத்தை வைத்தபடியே திட்டுவாள்: "பாவி, அங்க ஜம்முனு இருக்கான்."

போர் நின்றபோது பம்ப் ஹவுஸில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு ஆறாதது அதுதான். தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். அவர் எப்போதும்போல ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டார்.

இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. பட்டாளத்து முகாமுக்கும் அந்தக் குழாயில்தான் தண்ணீர் போனதாம். அதனால் எதிர்த்தரப்பு இரண்டாம் நாளே எங்கள் நிலையத்தைத் தொடக் கூடாத இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வெளியே சொன்னால் ஊர் கலைந்துவிடும் என்று ஒரு அதிகாரி வந்து, மாமாவிடமும் அங்கே வேலை பார்த்த இன்னொரு ஆப்பரேட்டரிடமும் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அந்த இன்னொரு ஆப்பரேட்டர் அன்று மத்தியானமே ஊரை விட்டு ஓடிவிட்டார். என்னிடம் இதைச் சொன்னவர் அவர்தான்.