நீல வால் போன பிறகு

சித்தி விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் வேலை முழுக்கத் தரையில். பெட்டியை எடை போட வேண்டும், அட்டை கட்ட வேண்டும், சன்னல் ஓரமா நடுவிலா என்று கேட்க வேண்டும். யார் கத்தினாலும் சிரிக்க வேண்டும்.

எங்கள் ஊர் விமான நிலையம் ஒரு பெரிய பேருந்து நிலையம் அளவுக்குக்கூட இருக்காது. இரண்டு கம்பெனிகள் அங்கிருந்து தலைநகரத்துக்கு விமானம் விட்டன. கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. விமானத்தின் வால் நிறத்தை வைத்து ஒன்று சிவப்பு வால், மற்றது நீல வால். சித்தி சிவப்பு வாலின் ஆள். இரண்டுமே விசிறி சுற்றும் சின்ன விமானங்கள்தான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மாறி மாறிப் பறந்தன. ஒன்றைத் தவறவிட்டவர் காபி குடித்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்தது தயாராக நிற்கும். தரை வழியாகப் போவதென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.

சித்திக்குக் குடும்பம் என்று மிச்சமிருந்ததே அந்த விமானங்களை நம்பித்தான். சித்தப்பா பிரிந்துபோய்த் தலைநகரத்தில் இருக்கிறார். மகளும் அவரோடுதான். வாரத்தில் ஒருநாள் அம்மா வந்து பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். சித்தியின் வார விடுமுறை புதன்கிழமை. காலையில் போய், பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றி, கடைசி விமானத்தில் திரும்பிவிடுவாள். ஊழியர்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு சீட்டு காலியாக இருந்தால்தான் ஏற முடியும்.

சிவப்பு வால் நிறைந்துவிட்டால் நீல வால் ஏற்றிக்கொள்ளும். அது இரண்டு கவுன்டர்காரர்களுக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. நீல வாலின் கவுன்டரில் இருந்தவளுக்குச் சித்தி வைத்த பெயர் எதிர்க்கடைக்காரி.

"என்னடி, உங்ககிட்ட இடமில்லையா? இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். வா, ஏறு."

"உங்க விமானத்துல ஏறினா என் மானம் என்னாகிறது?"

"அதைப் பெட்டியோட போட்டுடு. நான் எடை போட மாட்டேன்."

பிறகு பெரிய விமானம் வந்தது. சிவப்பு வால் கம்பெனி சின்னதுகளை விற்றுவிட்டு, மூன்று மடங்கு ஆள் பிடிக்கும் ஜெட்டை இறக்கியது. மானேஜர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஒரே பைலட், ஒரே தடவை இறங்குற கட்டணம், ஆனா மூணு மடங்கு ஆளு. தலைக்கு ஆகிற செலவு பாதியாயிடும். நீல வாலால தாக்குப்பிடிக்க முடியாது."

சித்தி போட்ட கணக்கு வேறு. சீட்டு அதிகமென்றால் காலிச் சீட்டும் அதிகம்.

"இனிமே எனக்கு ஒரு வரிசையே காலியா கிடக்கும். படுத்துக்கிட்டே போவேன்" என்றாள்.

பக்கத்துக் கவுன்டர்காரருக்கு எல்லாரும் வைத்த பெயர் தராசு. பெட்டியில் ஒரு கைக்குட்டை கூடினாலும் விடமாட்டார். "இவ்வளவு பெரிசை நிரப்பணும்னா ஒரு நாளைக்கு எத்தனை தடவை விடுவாங்க? யோசிச்சியா?" என்றார்.

"உன் வாயைக் கழுவுப்பா."

பெரிய விமானத்தை நிரப்ப டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். வழக்கமாகப் பயணம் போகிறவர்களைப் போனில் அழைத்து இழுக்கச் சொன்னார்கள். அதில் சித்தியை மிஞ்ச ஆளில்லை. சரக்கு எடுக்க யார் எந்தக் கிழமை போவார், யாருக்கு முன்வரிசை வேண்டும், யார் மனைவிக்குக் காது அடைக்கும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நீல வாலிலேயே போய்ப் பழகிய ஜவுளிக்கடைக்காரரைத்தான் முதலில் இழுத்தாள். அவர் பின்னால் கடைவீதியே வந்தது.

எதிர்க்கடைக்காரி ஒருநாள் காலிக் கவுன்டரில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "என் வாடிக்கை எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுட்டே. புதன்கிழமை மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீல வால் ஊரைவிட்டே போய்விட்டது. சித்திக்குச் சிறந்த ஊழியர் என்று ஒரு பிளாஸ்டிக் விமானம் கிடைத்தது. ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

போட்டி ஒழிந்ததும் டிக்கெட் விலை பழையதைத் தாண்டி ஏறியது. காலையும் மாலையும் வந்துகொண்டிருந்த ஜெட் நண்பகலில் மட்டும் வர ஆரம்பித்தது. போனால் மறுநாள் நண்பகலில்தான் திரும்ப முடியும். சித்திக்கு விடுமுறை ஒருநாள்தான். புதன்கிழமை அவள் கையைவிட்டுப் போனது. அடுத்தடுத்து இரண்டு நாள் விடுமுறை கெஞ்சி வாங்கினாலும் சீட்டு கிடைப்பதில்லை. நாள் முழுக்கப் பிரிந்து போன கூட்டம் இப்போது ஒரே விமானத்தில் முண்டியது. படுத்துக்கொண்டு போகிறேன் என்றவள் பாதித் தடவை விமானம் ஏறும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

நான் பல தேசம் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் கால் தரிக்காமல் மறுபடி கிளம்பிய அன்று சித்தி மகளின் பிறந்தநாள். என் கையில் டிக்கெட் இருந்தது. சித்தி ஒரு துணிப்பையில் மழைக்கோட்டு வாங்கி வைத்துக்கொண்டு காலிச் சீட்டுக்காக என்னோடு வாசலில் நின்றாள். யூனிஃபார்ம் இல்லாமல் பச்சைப் புடவையில் அவள் வேறு யாரோ போலத் தெரிந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. உனக்குத்தான். அசையாம நில்லு" என்றார் தராசு.

அப்போதுதான் ஜவுளிக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வாசலில் கடைசி நேர டிக்கெட் கேட்டார். தராசு கணினியையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடுப்பா. காசு குடுக்கிறவருக்கு அப்புறம்தானே நாம" என்றாள் சித்தி.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு டியூட்டி இல்லையா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "முன்னெல்லாம் காலையில போயிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவேன். இப்ப அங்க ரூம் போட்டுத் தங்க வேண்டியிருக்கு. நீங்க போன் பண்ணிச் சொன்னீங்களேன்னுதான் மாறினேன்."

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

"என் சீட்டைத் தரேன் சித்தி. நான் நாளைக்குப் போறேன்" என்றேன்.

"நீ விட்டுக்குடுத்தாலும் அது எனக்கு வராதுடி. அதோ பார்." ஜவுளிக்கடைக்காரருக்குப் பின்னாலேயே ஓடி வந்த இன்னொருவர் கையில் பணத்தோடு நின்றுகொண்டிருந்தார். சித்தி துணிப்பையை என் கையில் திணித்தாள். "மழை வர்றதுக்குள்ள குடுத்துடு."

சித்தப்பாவின் வீடு தலைநகர விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடியில் இருந்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். பதினொரு வயதுக்கு நல்ல உயரம்.

"வாங்கக்கா. அம்மாவுக்குச் சீட் கிடைக்கலையா?" கடையில் பால் இல்லையா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

மழைக்கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. "நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க" என்று மடித்து வைத்தாள். பிறகு வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு விமானம் தாழ்வாகக் கடந்தது. சன்னல் கண்ணாடி நடுங்கியது. புதன்கிழமைகளில் பள்ளிக்குக் கிளம்புமுன் இவள் இந்தச் சன்னலில் ஏறி நின்று, அம்மா சிவப்பில் வருகிறாளா நீலத்தில் வருகிறாளா என்று பார்ப்பாளாம். சித்தி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

"இப்பல்லாம் எந்த வால்னு பாக்குறதில்லையா?"

"எல்லாம் ஒரே வால்தானேக்கா" என்றாள். எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள். "சத்தம்தான் ஜாஸ்தி."