என் இடுப்பில் இருந்த நொய்யரிசி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் என்னைப்போல நிமிர்ந்து நடக்கிறவன் வேறு யாரும் இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. மற்றவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. காண்டா கம்பின் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டு, கம்பைத் தோளில் ஏற்றி, கையால் தொடாமலே ஸ்டோர் வரைக்கும் நடப்பேன். பெண்கள் பார்க்கிற இடம் வந்தால், சும்மா இருக்கிற கையால் ஒரு பீடியும் பற்றவைத்துக்கொள்வேன். கடவுள் ஓய்வாக உட்கார்ந்து எனக்கென்று தனியாக ஒரு முதுகெலும்பு செய்து அனுப்பினார் என்று நினைப்பு.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். போக வர ஒரே வாசல்தான். காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகிற யாரும் ஒரு பிடி அரிசிகூட வெளியே எடுத்துப் போக முடியாது. காலையில் வாசல் திறந்ததும் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அரிசியோடு பிடிபட்டவன் லாரியில் ஏறியது தெரியும். எங்கே இறங்கினான் என்பது தெரியாது. பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். கொஞ்ச நாளில் அவர் வீட்டில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியது.

இந்த நேரம் பார்த்துத்தான் என் முதுகு என் காலை வாரிவிட்டது. பால் சுமந்தபோது நடந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவாவது மரியாதையாக இருந்திருக்கும். வாளிகளை ஸ்டோரில் இறக்கி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கீழே விழுந்த தீப்பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். இடுப்புக்குள் என்னவோ பிசகியது. வலி பின்தொடை வழியாக மளமளவென்று இறங்கிக் கால் பெருவிரலில் போய் நின்றது.

பின்னாளில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எனக்கு விளக்கினார். முதுகெலும்பு ஒரே கம்பு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்ன எலும்புகள். இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. வருஷக்கணக்கில் குனிந்தும் சுமந்தும் தேய்ந்தால் அந்த வட்டு தளர்ந்து, ஒரு நாள் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நெருக்கும். பால்மரத்தில் வெட்டு அடிப்பட்டைக்கு இறங்கிவிட்டால், வெட்டுகிறவன் காலை முழுவதும் இரண்டாக மடிந்துதான் நிற்க வேண்டும். எல்லாம் தளர்ந்து தயாரான பிறகு, பிதுக்கிவிட ஒரு தீப்பெட்டி போதுமாம். டாக்டரிடம் நான் தீப்பெட்டி என்று சொல்லவில்லை. பெரிய மரக்கட்டை என்றுதான் சொல்லியிருந்தேன்.

தோட்டத்தில் அதையும் சொல்ல முடியாது. முதுகு வலி என்று வாய் திறந்தவனை, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டில் போட்டுவிடுவார். சம்பளமும் குறையும், மானமும் போகும். எங்கள் ஆட்களுக்கு இடுப்புப் பிடித்தால், பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவரைத் தேடிப் போய் மிதிக்கச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆனால் அவர் கால் எவ்வளவு ராசியானதோ அவ்வளவுக்கு வாய் ஓட்டை. காலையில் அவர் என்னை மிதித்தால், மாலைக்குள் லுக்குட் கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மரத்துக்கு முன்னால் குனிவதற்குப் பதிலாக முழங்காலில் நின்று வெட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக நினைத்திருக்கலாம்.

மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். அவளும் பால்வெட்டுக்காரிதான், என் நிரைக்கு அடுத்த நிரை. அவளிடமும் தீப்பெட்டியை மறைத்து, இரண்டு வாளிச் சுமை என்று சொன்னேன். அடுப்படி மூலையிலிருந்து பழைய சேலைத் துணியில் முடிந்த ஒரு சிறு முடிப்பை எடுத்து, சட்டியில் சூடு காட்டி, என் இடுப்பில் வைத்து அழுத்தினாள். உள்ளே நொய்யரிசியும் கல்லுப்பும். சூடு இறங்க இறங்க எனக்கு உயிர் வந்தது. அந்த முடிப்பு அங்கே எதற்கு இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் வீட்டில் தயாராக இருக்கும் என்பது அந்தக் காலத்தில் என் நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகள் பொதுவாக முதுகு வலிக்கும்போதுதான் உதிக்கும். மனைவி முன்னாலேயே கிளம்பிப் பெண்கள் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். நான் முடிப்பை நானே சூடு காட்டி, இடுப்பில் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். எனக்கு அது மருந்து. அதற்குள் இருப்பது அரிசி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

வாசலில் இருந்த மலாய்க்காரக் காவலனுக்கு அந்த நினைப்பு உடனே வந்தது. அவன் கை என் இடுப்பில் நின்றது. சட்டையைத் தூக்கித் துண்டை அவிழ்த்து முடிப்பைக் கையில் எடுத்தான். துணியோடு சேர்த்து விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"பெராஸ்," என்றான்.

அரிசி. பாதையோரம் லாரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மண்டோர், இது என்ன என்று என்னைக் கேட்டார். முதுகு வலி என்று சொன்னால் நாளைக்குப் புல்வெட்டு. சொல்லாவிட்டால் இன்றைக்கே லாரி. புத்தியுள்ளவன் இதற்கு யோசிக்கவே மாட்டான். நான் நன்றாக யோசித்து, குளிருக்குக் கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது.

மண்டோர் அதை மலாயில் சொன்னாரா, வெட்கப்பட்டு விட்டுவிட்டாரா தெரியவில்லை. காவலன் என் கால்சட்டை மடிப்பைக் காட்டி, குனிந்து அதையும் பிரித்துக் காட்டச் சொன்னான். அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்கள் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்தேன். குனிந்தவன் குனிந்தவன்தான், நிமிர வரவில்லை. தோட்டத்திலேயே அழகான நடைக்காரன், மொத்தத் தோட்டத்துக்கும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு ஜோடிக் கால்கள் விலகி வருவது தெரிந்தது. வரிசையை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். அந்தக் கால்கள் என் மனைவியுடையவை.

"மண்டோரே, அது சோத்துக்கு இல்லீங்க, ஒத்தடம் குடுக்குற முடிப்பு. அவங்களுக்கு இடுப்பு போயி மூணு நாளாச்சு. அவுத்துப் பாக்கச் சொல்லுங்க."

காவலன் முடிப்பை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினான். சில மணிகள் என் கண்ணுக்கு நேரே மண்ணில் விழுந்தன. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. கருகி, மிளகு மாதிரி இருந்தன. அவன் மோந்து பார்த்துவிட்டு மண்டோரிடம் நீளமாக ஏதோ கேட்டான். மண்டோர் என் மனைவியிடம் திரும்பினார்.

"மூணு நாள்தான்னு சொல்ற. மூணு நாள்ல நொய்யி இப்படியா கரியாவும்னு கேக்குறான்லா."

லாரிக்காரன் எஞ்சினை முடுக்கினான். குனிந்திருந்த எனக்கு அவளுடைய பாதங்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு காலை முழுசாக ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அது எனக்கு வச்சிருந்ததுங்க," என்றாள். "தீவாளிக்கு முன்னாடியிருந்தே எனக்கு இடுப்பு வலி. ரேசன் அரிசிய அடிக்கடி மாத்த முடியுமா? அதையேதான் வறுத்து வறுத்து வச்சுக்கிறேன்."

நான் எதை மறைப்பதற்காக லாரி ஏறவும் தயாராக நின்றேனோ, அதை எனக்கும் தனக்கும் சேர்த்து மண்டோர் முன்னால் அவள் போட்டு உடைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் புல்வெட்டுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை மறைத்துக்கொள்ளக் குனிய வேண்டியதுகூட இல்லை.

காவலன் மணிகளைத் துணியில் திரும்பக் கொட்டி, முடிந்து, என் கையில் திணித்தான். மண்டோர் என்னை வீட்டுக்குப் போய்ப் பலகையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். நான் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாதி நிமிர்ந்தேன்.

எங்களில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். அவள் நடப்பதைப் பின்னாலிருந்து நான் பார்த்தது அன்றுதான். காலி வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் வைத்திருந்தாள். ஒரு கையால் கம்பைப் பிடித்திருந்தாள். மற்றொரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டே பாதை திரும்புகிற வரைக்கும் நடந்து போனாள். முடிப்பு என் கையில் இன்னும் சூடாக இருந்தது.