சகாயம்மாள் துவைக்கும் சாமிகள்

முருகன் சட்டையின் அக்குளை மோந்து பார்த்துவிட்டு, "ஆறுமுகம் இன்னிக்குப் பூரா வெயில்ல காயட்டும்" என்று கொடியில் வீசுகிறாள் சகாயம்மாள். அடுத்தது சம்மனசு என்கிற தேவதூதன். கசங்கிய இறக்கைகளை உதறிப் பவுடர் அடிக்கிறாள். சூரமங்கலத்தில், பள்ளி விழாக்களுக்கு வேஷத்துணி வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைத் தவறவிட மாட்டாள். மற்ற நாட்களில் எல்லா மதத்துக்கும் சோப்புப் போடுவாள்.

துவைத்துத் துவைத்து அவளுக்கு ஒரு ஞானம் வந்திருக்கிறது. "மேல்நாட்டு ஹீரோவை மேலேருந்து அப்பன் அனுப்பி வைப்பான். பொண்டாட்டி கிடையாது. ஊருக்காக அடி வாங்கிச் சாவான், மறுபடி எந்திரிப்பான். எங்க கோயில் கதைதாங்க, ஜட்டியை மட்டும் வெளியே போட்டுட்டான். நம்மூரு ஹீரோவுக்குக் குடும்பம் வேணும், கோவம் வேணும், வர்றதுக்கு முன்னாடி மேளம் வேணும். ஜப்பான் கார்ட்டூன் பையன் மரத்துக்கும் ஆத்துக்கும் கும்புடு போட்டுட்டுத்தான் அடிக்கவே போவான்." இதைப் பங்குச் சாமியாரிடமே சொன்னாள். சிரிப்பை அடக்க அவர் இருமினார். பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்ல வரும் இவள் குரல் கேட்டாலே இப்போதும் அவருக்கு இருமல் வருகிறதாம்.

போன வாரம் நாமகிரிப்பேட்டையிலிருந்து கதிர்வேல் என்ற விவசாயி மகளோடு வந்தார். ஆண்டு விழாவுக்குக் காளியம்மன் வேஷம் வேண்டும் என்றார். மகள் கிருத்திகாவோ பறக்கும் வீரனின் சிவப்புப் போர்வையைப் பிடித்த பிடி விடவில்லை.

"போன வருசம் அம்மனா நின்னனுங்க. அசையவே கூடாதுன்னு மிஸ் சொல்லிருச்சு. மூக்குல ஈ உக்காந்துச்சு. எட்டுக் கை இருந்தும் ஓட்ட முடியலீங்க!"

"அவன் நம்ம சாமி இல்ல சாமி" என்று மகளிடம் சொன்னார் கதிர்வேல்.

சகாயம்மாளுக்கு உற்சாகம் பிறந்தது. "ஏனுங்க, அவன்கிட்ட என்ன குறை? கெடா கேக்க மாட்டான், மொட்டை கேக்க மாட்டான். காப்பாத்திட்டு, மூஞ்சியக்கூடக் காட்டாமப் பறந்துருவான்."

"அதானுங்க பயமா இருக்குது. எங்க ஆத்தா கோவிச்சுக்குவா, அது வேணும் இது வேணும்பா. ஆனா ஊட்டு மனுசியாட்டம் கூடவே இருப்பா. ஒண்ணுமே கேக்காதவன் நாளைக்கும் வருவான்னு எப்படிங்க நம்பறது?"

எதுவுமே கேட்காதவர் என்றுதான் தன் ஆண்டவரைப் பற்றிச் சகாயம்மாள் இத்தனை காலம் பெருமை பேசியிருக்கிறாள்.

அதற்குள் வேஷம் மாற்றும் மூலையில் மறைப்புத் திரை விலகியது. கழுத்தில் சிவப்புப் போர்வை, முதுகில் காளியின் அட்டைக் கைகள், கையில் சூலம் என்று கிருத்திகா வந்து நின்றாள். ஒரு குதி குதித்தாள். அத்தனை கைகளும் படபடத்தன.

"இது எந்தூருச் சாமி?" என்று கேட்டார் கதிர்வேல்.

"ஈ ஓட்டற சாமிங்கப்பா."

கதிர்வேல் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, அப்படியே கட்டிக் குடுங்க" என்றார்.

சகாயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் முன் மண்டியிட்டுப் போர்வை முடிச்சை இறுக்கினாள். பிறகு கட்டை விரலால் அந்த நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்து, அதன் மேலேயே குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.