அடிபம்புக்கு நான் வழங்கிய தீர்ப்பு

எழுபதுகளின் கடைசியில் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு அடிபம்புதான். அதன் தண்ணீர் குடிக்க லாயக்கா என்ற கேள்வி எழுந்தபோது, புத்தியுள்ள எந்த ஜனமும் செய்யாத காரியத்தை நாங்கள் செய்தோம். பட்டிமன்றம் வைத்தோம்.

விடை ஏற்கெனவே கையில் இருந்தது. தெருக்கோடியில் குடியிருந்தவருக்கு அரசாங்க ஆய்வகத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. பாட்டிலில் பிடித்துப்போய்ப் பார்த்துவிட்டு, சாக்கடை கலக்கிறது, பம்பை மூடுங்கள் என்றார். மூடினால் அடுத்த தெருவிலிருந்து குடம் சுமக்க வேண்டும். உடனே தெருவுக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. "ரெண்டு பக்கமும் கேக்கணும் இல்ல?"

நடுவர் நான். நிறையப் புத்தகம் வாங்குவேன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு நினைவில்லை.

ஆய்வகத்துக்காரர் காகிதத்தைப் பார்த்து, கிருமி என்று ஆரம்பித்தார். "சத்தமா பேசுய்யா, சாப்புடலயா?" என்றது கூட்டம். ஏழாவது நிமிடம் மணியடித்து அவரை உட்காரவைத்தேன். எதிரணியில் ஒரு தமிழாசிரியர். "நம் தாய்மார்கள் குடித்த தண்ணீர்! நம்மை வளர்த்த தண்ணீர்!" என்று முழங்கி, மேடையிலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "செத்தேனா?" என்றார். விசில் பறந்தது. பம்பு போட்டே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அது யாரை எப்போது வளர்த்தது என்று ஒரு பிரகஸ்பதியும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நாற்காலியில் இருந்த பிரகஸ்பதி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் அடுத்த வீட்டு அக்கா, பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர். அவருடைய பெண் அப்போதுதான் மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்திருந்தாள். "புள்ளைக்கு இந்தத் தண்ணி குடுக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்றார்.

"தீர்ப்பில் வரும்" என்றேன்.

வந்தது. ஆசிரியர் அணியின் வாதத்திறமையைப் பாராட்டி, தண்ணீர் நல்லதே என்றேன். மாலை போட்டார்கள். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். "நல்ல தண்ணிய எதுக்குக் கொதிக்க வெக்கணும்?" என்றாள்.

மறுநாள் காலை அந்த அக்கா பம்படியில் குடம் நிறைத்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா அடுத்த தெருவுலேருந்து தூக்கினேன் சார். நீங்க சொல்லிட்டீங்க, இனிமே பயமில்ல."

"கொதிக்க வச்சுக் குடுங்கக்கா" என்றேன்.

குடத்தைப் பிடித்த கை நின்றது. "கெட்ட தண்ணியா சார்?"

"ஆமா."

"அப்ப நேத்து ஏன் நல்லதுன்னு சொன்னீங்க?"

"அவரு நல்லாப் பேசுனாரு."

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் பேசுவதற்கு ஏதாவது கிடைத்திருக்கும். குடத்தை அங்கேயே கவிழ்த்தார். என் வேட்டி நனைந்தது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருக்கோடி ஆய்வகத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.