குட்டியானையில் வந்த படகு

ஒன்பது வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காது என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எனக்கும் தாய்மாமன் ஒருவர் இருந்தார். சாயல்குடி தாண்டிக் கடற்கரையில், படகும் வலையுமாக நன்றாகவே இருந்தார். எங்கள் வீட்டுக்குத்தான் வருவதில்லை. அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கருவாட்டு லோடு ஏற்ற வந்துபோன என் அப்பாவை அம்மா கட்டிக்கொண்டாள். "தண்ணியில்லாக் காட்டுக்குப் போனவ வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று மாமா அன்று சொன்ன சொல், நான் பிறந்து வளர்ந்து மூன்றாம் வகுப்பு தாண்டிய பிறகும் அப்படியே நின்றது.

"குத்தப்போறது ஆசாரி. மாமன் மடி இல்லாட்டி ஊசி இறங்காதாக்கும்?" என்று அத்தை கேட்டுப் பார்த்தாள்.

"எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்துவேன். இல்லன்னா மூளியாவே இருக்கட்டும்" என்றாள் அம்மா. பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. நடுவில் மாட்டியது என் காது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டி, நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் நிறைந்தன. மீன் குத்தகை எடுத்திருந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவருக்குச் சின்னப் படகு ஒன்று வேண்டியிருந்தது. பஸ் டியூபைக் கட்டிக்கொண்டு மிதந்து அலுத்துப் போயிருந்தார். தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு கிடக்கிறது என்று அப்பா சொன்னார். அது யார் படகு என்பதைச் சொல்லவில்லை. சிநேகிதர் போனிலேயே பேசி முடித்துவிட்டார். லாரி பிடித்தால் வாடகை படகு விலையைத் தொட்டுவிடும். அப்பா தன் குட்டியானை வண்டியைக் கொண்டுபோவதாகச் சொன்னார், டீசல் மட்டும் போட்டால் போதும் என்று. வண்டியின் தொட்டியைப் போலப் படகு இரண்டு மடங்கு நீளம் இருக்குமே என்று சிநேகிதர் தலையைச் சொறிந்ததற்கு, "அதெல்லாம் ஏத்திரலாம்" என்று முடித்துவிட்டார்.

அப்பா சொன்னால் ஏற்றிவிடுவார். லோடு கட்டுவதில் திருச்சுழி வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தச் சின்ன வண்டியில் வைக்கோலை மச்சு வீட்டு உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவார். அருப்புக்கோட்டை போய்ச் சேரும்வரை ஒரு தாள் உதிராது.

புறப்பட்ட அன்று அம்மா எனக்குத் தீபாவளிப் பாவாடையைக் கட்டிவிட்டு, முடியை இழுத்துப் பின்னி, காது இரண்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி சீவிவிட்டாள். லோடு ஏற்றப் போகிற வண்டிக்கு இத்தனை அலங்காரம் எதற்கென்று நான் கேட்கவில்லை. கடல் பார்க்கப் போகிறேன் என்பதிலேயே நான் பறந்துகொண்டிருந்தேன்.

கடற்கரையில் வந்து நிற்பது யாருடைய வண்டி என்று தெரிந்ததும் மாமாவின் முகம் இறுகிவிட்டது. ஆனால் விற்றது விற்றதுதான். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, காதை. பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்த ஆட்கள் படகைத் தூக்கி, முன்மூக்கை டிரைவர் கூரைமேல் சாத்தி, வால் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார்கள். அப்பா வாலில் சிவப்புத் துணி கட்டினார். பிறகு கயிற்றை எடுத்தார். ஏனோதானோவென்று இரண்டு சுற்று, ஏதோ ஒரு முடிச்சு. வண்டி தார் ரோட்டைத் தொடுமுன்னே படகு ஒருபக்கமாகச் சரிந்தது. இறங்கி மறுபடி கட்டினார். முதல் கட்டே தேவலை என்றிருந்தது.

அதற்குமேல் மாமாவால் தாங்க முடியவில்லை. வேகமாக வந்தார். அப்பாவிடம் பேச மாட்டார் அல்லவா, அதனால் என்னிடம் பேசினார்.

"ஏ பாப்பா, உங்கப்பன்ட்டச் சொல்லு, இது வைக்கப் படப்பு இல்ல, படகுன்னு."

கையெட்டும் தூரத்தில் நின்ற அப்பாவும் என்னிடம்தான் பதில் சொன்னார். "பாப்பா, உங்க மாமாட்டச் சொல்லு, எனக்குத் தெரிஞ்ச கட்டு இதான்னு."

எனக்கு மானம் போயிற்று. மாமா கயிற்றைப் பிடுங்கி, காலை வண்டியில் ஊன்றி இழுத்து, இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டும் மனசு கேட்கவில்லை. "கமுதி வரைக்கும் வாரேன். அங்க பஸ் ஏறிருவேன்" என்று வண்டியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, படகுக்குள் ஏறி உட்கார்ந்தார். நானும் அடம்பிடித்து அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

கருவேலங்காட்டு ரோட்டில் படகில் உட்கார்ந்து போனவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். டீக்கடைகளில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "எந்தக் கடலுக்குப் போறிக?" என்று ஒருவர் கத்திக் கேட்டார்.

வழியில் மாமா மெதுவாகக் கேட்டார். "ஏன் பாப்பா, உங்கப்பன் வைக்கலெல்லாம் ஏத்துவானாமே, அதையும் இப்படித்தான் கட்டுவானா?"

போன மானத்தை மீட்க எனக்கு ஒரு வாய்ப்பு. மச்சு வீட்டு உயரத்தைச் சொன்னேன், உதிராத தாளைச் சொன்னேன், மழையில் நனைந்த லோடைக்கூட அப்பா ஒத்தைக் கயிற்றில் கட்டியதைச் சொன்னேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். படகு குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்.

கமுதியில் சாயல்குடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. மாமா இறங்கினார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. மாமா வண்டியைச் சுற்றி வந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். மாமா தான் கட்டிய முடிச்சில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினார். கயிறு தொளதொளவென்று தொங்கியது.

"ஏ பாப்பா, உங்கப்பாட்டச் சொல்லு, கட்டு தளந்துபோச்சுன்னு. நான் கூட வாராம சரிப்படாது."

பஸ் போய்விட்டது. மாமா மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அப்பா வண்டியை எங்கள் வீட்டுக்கு விட்டார். நிறுத்தவில்லை, திருப்பினார். பின்னுக்கு எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே வந்தார். வாசலைத் தாண்டி, படிகளுக்கு மேலாக நீண்டு, படகின் வால் நிலைக்கதவுக்குள் நுழைந்து நின்றது. அம்மா உள்ளே, சொம்பும் கையுமாக நின்றிருந்தாள்.

"மச்சான், நீங்க வாசல மிதிக்க வேணாம்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் மாமாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாமா நிலைக்கதவுக்குள் நுழைந்திருந்த வாலைப் பார்த்தார். பிறகு எழுந்து, அதன் நீளம் முழுக்க நடந்து வந்து, நேராக வீட்டுக்குள் இறங்கினார். அம்மா நீட்டிய சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாளே காதுகுத்து என்று முடிவாயிற்று. படகு ஒருநாள் எங்கள் வாசலிலேயே கிடந்தது. அன்று சாயங்காலம் அம்மா என்னை மடியில் சாய்த்து, காதில் எண்ணெய் தடவி நீவிவிட்டாள். நாளைக்கு வலிக்கும், அழக்கூடாது என்றாள். நான் நாளெல்லாம் அடக்கிவைத்திருந்த ரகசியத்தை அவள் காதில் சொன்னேன்.

"அம்மா, அப்பாவுக்குப் படகு கட்டத் தெரியல. மாமாவுக்கும் தெரியலம்மா. நல்லாக் கட்டுனத அவுகளே அவுத்து விட்டுட்டாக."

அம்மாவின் விரல்கள் என் காதிலேயே நின்றுவிட்டன. சிரித்தாள். பிறகு, அழக்கூடாது என்று எனக்குச் சொன்னவளே அழுதாள். கட்டத் தெரியாத இரண்டு பேருக்காக இவள் ஏன் அழ வேண்டும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.